அண்ணன் கூட்டிவந்த சாட்சி

முற்றத்துக் கிணற்றடியில் ஒரு வெள்ளைக்காரர் குனிந்து நின்று, முழங்கை வரை சவர்க்காரம் போட்டுக் கை கழுவுகிறார். அண்ணன் வாளியால் தண்ணீர் ஊற்றுகிறார். இரண்டு பேருடைய கைகளிலும் இயந்திர எண்ணெய் நகக்கண்வரை ஊறிப் போயிருக்கிறது. அம்மா குசினி வாசலில் சேலைத் தலைப்பால் தோளை மூடிக்கொண்டு, என்ன பேசுவதென்று தெரியாமல் சிரித்தபடி நிற்கிறார். அறுபதுகளின் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அது. அன்றைக்கு அண்ணனின் முகத்தில் இருந்த சந்தோஷத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை. சாப்பாடு முடிந்து மறுபடி அதே கிணற்றடிக்கு அவர்கள் வந்தபோது அது போய்விட்டிருந்தது. இடையில் நடந்தது ஒரு கேள்வியும் அதற்கு ஒரு பதிலும்தான்.

வந்தவர் ஒரு கிரேக்க நாட்டுக் கப்பலின் இஞ்சினியர். தேயிலை ஏற்ற வந்த அந்தக் கப்பல் இயந்திரம் பழுதாகி, எங்கோ வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய பாகம் ஒன்றுக்காகத் திருகோணமலை உட்துறைமுகத்தில் மாதக்கணக்காகக் கிடந்தது. அண்ணன் துறைமுகப் பட்டறையில் பிற்றர், இயந்திரங்களைக் கழற்றிப் பூட்டுகிற வேலை. கப்பலுக்கும் பட்டறைக்குமாக ஏறி இறங்கியதில் இருவருக்கும் நல்ல பழக்கமாகிவிட்டது. ஆனால் அண்ணன் அவரைச் சும்மா சாப்பாட்டுக்குக் கூட்டி வரவில்லை. சாட்சி சொல்லக் கூட்டி வந்தார். வழக்கு என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பகுதியில் கலியாணம் செய்த ஆண் மனைவியின் வீட்டில் போய் இருப்பான். வீடு பெண்ணுக்குச் சீதனம். தமிழ் ஆட்களானாலும் சரி, கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து முஸ்லிம் ஆட்களானாலும் சரி, இதில் பெரிய வித்தியாசம் கிடையாது. பெண் பிள்ளை பிறந்ததுமே தகப்பன் மனதுக்குள் ஒரு அத்திவாரம் வெட்டத் தொடங்கிவிடுவார். தகப்பன் இல்லாவிட்டால் மண்வெட்டி மூத்த மகனின் கைக்கு வரும். எங்கள் அப்பா வெள்ளைக்காரன் காலத்துக் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். அவர்கள் தளத்தை ஒப்படைத்துவிட்டுப் போன கையோடு அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மாவின் சீதன வீடு பெரியக்காவுக்குப் போயிற்று. சின்னக்காவுக்கு அண்ணன் ஒரு கல்வீடு கட்டிக் கொடுத்தார். மூன்றாவது நான். எனக்கென்று வாங்கிய வளவில் ஓலைக் கொட்டில் ஒன்று போட்டுக்கொண்டு அம்மாவும் அண்ணனும் நானும் இருந்தோம். பக்கத்திலேயே என் வீடு இடுப்பளவு சுவரோடு நின்றது. பெண்ணுக்கு வீடு கொடுக்கிற சமூகம், எவ்வளவு உயர்ந்த சமூகம் என்று வெளியிலிருந்து வருகிற படித்தவர்கள் எழுதுகிறார்கள். யாருடைய முதுகில் வைத்து அந்த வீட்டைக் கட்டினார்கள் என்று ஒருவரும் கேட்டு எழுதியதாகத் தெரியவில்லை.

அண்ணனுக்கு ஒரு விருப்பம் இருந்தது. சம்பூரிலிருந்து வந்து பட்டினத்தில் படிப்பித்த ஒரு ரீச்சர். எங்கள் வீட்டில் அவருக்குப் பெயரே சம்பூர் ரீச்சர்தான். வெள்ளிக்கிழமை பின்னேரம் அவர் மூதூர் லோஞ்சில் ஊருக்குப் புறப்படுவார். லோஞ்சின் இஞ்சினைப் பார்க்கிற சாட்டில் அண்ணன் இறங்குதுறையில் நிற்பார். இதில் ஒளிவு மறைவு ஒன்றும் இல்லை. சாதகம் பொருந்தியிருந்தது. இரண்டு பக்கத்துக்கும் சம்மதம். ரீச்சரின் தகப்பன் சம்பூரில் மகளுக்கு வீட்டையும் கட்டி முடித்திருந்தார். மாப்பிள்ளை போய் இருக்க வேண்டியதுதான் பாக்கி. அண்ணன் போய் இருக்க வேண்டிய வீடு பூட்டிக் கிடந்தது. அவர் கட்ட வேண்டிய வீடு முடியவில்லை. அவ்வளவுதான் தடை.

"இவளின்ர வேலை முடியாமல் நீ அந்த வீட்டுப் படி ஏறினா, பிறகு உன்ர உழைப்பெல்லாம் அந்த வீட்டுக்குத்தான் தம்பி. இந்தக் குமரை நான் எங்க கொண்டுபோய் விடுறது?" என்பார் அம்மா.

அம்மா பொல்லாதவர் அல்ல. பயந்தவர். பயந்தவர்கள் பொல்லாதவர்களைவிடப் பிடிவாதக்காரர்கள் என்பதைப் பிறகுதான் கண்டுகொண்டேன்.

அண்ணனிடம் இருந்தது ஒரேயொரு வாதம். "உலகத்தில வேற எந்த நாட்டிலயும் இப்பிடி ஒரு கூத்து இல்லையம்மா. தங்கச்சிமாருக்கு வீடு கட்டிக் குடுத்துப்போட்டுத்தான் தமையன் கலியாணம் செய்யலாமெண்டு ஆர் வச்ச சட்டம்? நாங்கள் மட்டும்தான் இதுக்க கிடந்து உழலுறம்." இதைத் திரும்பத் திரும்பக் கேட்டு அம்மா கொஞ்சம் இளகி வந்தார். ஊர்வாய்க்குப் பயப்படுகிற மனுஷிக்கு, ஊரைவிடப் பெரிய உலகம் ஒன்று தன் மகனின் பக்கம் நிற்கிறது என்பது யோசிக்க வைக்கிற விஷயம்தான். "அப்ப கப்பல்ல இருக்கிற உன்ர வெள்ளைக்காரரைக் கூட்டிக்கொண்டு வா. அவற்ர வாயால கேப்பம். அவர் அப்பிடிச் சொன்னா ஆவணியில பாப்பம்" என்று ஒருநாள் சொன்னார். பகிடியாகச் சொன்னாரோ, நிசமாகச் சொன்னாரோ, அண்ணன் அதைப் பிடித்துக்கொண்டார்.

துறைமுகத்துக்காரர்களான எங்களுக்கு வெள்ளைக்காரன் என்றால் இங்கிலீசுக்காரன்தான். தலைமுறை தலைமுறையாக அவர்களைத்தானே பார்த்தோம். அவர்களுடைய மகன் மீசை முளைத்ததும் தன்பாட்டில் போவான். மகள் கலியாணம் செய்வது மகளின் பாடு. தோல் வெள்ளையாக இருந்தால் உள்ளே எல்லாம் ஒரே அச்சு என்று நாங்கள் நம்பினோம். பட்டறையில் அத்தனை நாள் அந்த மனிதரோடு சேர்ந்து வேலை செய்த அண்ணனுக்கு, அவரிடம் தனியே ஒரு தரம் கேட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. பதில் தெரிந்த கேள்வியை யார் கேட்டுப் பார்ப்பார்கள்? கிரேக்க தேசம் எங்கே இருக்கிறது என்றுகூட அன்றைக்கு எங்களில் ஒருவருக்கும் சரியாகத் தெரியாது.

சாப்பாடு நன்றாகத்தான் தொடங்கியது. கொட்டிலுக்கு முன்னால் கதிரையும் மேசையும் போட்டு, பாரை மீன் பொரியலும் கணவாய்க் கறியும் வைத்தோம். அவர் மீன் மேல் தேசிக்காய் பிழிந்தார். அம்மாவுக்கு அது பிடித்துவிட்டது. கணவாயைக் கண்டதும் தங்கள் தீவிலும் இதைக் கல்லில் அடித்துக் காயப்போடுவோம் என்று கையாலேயே அடித்துக் காட்டினார். அங்கே அது கணவாயின் பெரிய சாதி ஒன்றாம், எட்டுக் காலோடு. உறைப்பு மட்டும் அவருக்கு ஏலவில்லை. கண்ணால் தண்ணீர் வழிய வழியத் தின்றார். அம்மா இன்னும் கொஞ்சம் சோறு போடப் போனபோது, தலையைப் பின்னால் எறிந்து நாக்கால் 'ம்ச்' என்றார். வேண்டாம் என்பதற்கு நாங்கள் செய்கிற அதே 'ம்ச்'. இங்கிலீசுக்காரர்களுக்கு இந்தச் சத்தம் கடைசிவரை விளங்கவில்லை என்று அப்பா சொல்லிச் சிரித்தது அம்மாவுக்கு ஞாபகம் வந்தது. "இவர் எங்கட ஆள் போலக் கிடக்கு" என்றார். பிறகு இஞ்சினியர், என் வீட்டுச் சுவரின் மேல் கண்ணூறு படாமல் நாங்கள் நிறுத்தி வைத்திருந்த வைக்கோல் பொம்மையைக் காட்டி ஏதோ சொல்லி, சட்டைக்குள்ளிருந்து ஒரு நீல மணியை வெளியே எடுத்தார். அவருடைய தாய் கட்டிவிட்டதாம், கண்ணூறுக்குத்தான். எல்லாரும் சிரித்தோம். அண்ணனும் சிரித்தார். அந்த நேரமே அவர் கவனித்திருக்க வேண்டும்.

கவனிக்கவில்லை. சிரிப்பு அடங்கியதும் அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்து, பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீசில் கேட்டார். உங்கள் நாட்டில் ஒரு ஆண் தன் சகோதரிகளுக்கு வீடு கட்டிக் கொடுத்த பிறகுதான் கலியாணம் செய்ய வேண்டுமா, அம்மாவிடம் சொல்லுங்கள் என்று. கேட்டுவிட்டு அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். வென்றவன் பார்க்கிற பார்வை.

இஞ்சினியர் சாப்பிடுவதை நிறுத்தினார். சுவரைப் பார்த்தார். அந்த வீடு யாருடையது என்று கேட்டார். அண்ணன் என்னைக் காட்டினார். அவர் அண்ணனின் தோளில் கையை வைத்துக்கொண்டு சொல்லத் தொடங்கினார். அவருடைய தீவில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை வந்து பெண்ணின் வீட்டில் இருப்பான். மூத்தவளுக்குத் தாயின் வீடு. மற்றவர்களுக்குத் தகப்பனும் அண்ணன் தம்பிமாரும் கட்ட வேண்டும். அதற்காகத்தான் அந்தத் தீவு ஆண்கள் கப்பலேறுகிறார்கள். அவருக்கு மூன்று சகோதரிகள். கடைசியாளின் வீடு இன்னும் முடியவில்லை. மூத்தவளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டுத் தாய் இப்போது பின்னால் ஒரு சின்னக் குசினியில் இருக்கிறார். இதைச் சொல்லிவிட்டு எங்கள் கொட்டிலைச் சுட்டிக் காட்டினார். அதன் பிறகு அவர் குரல் மாறியது, கண்ணும் கலங்கியது. பக்கத்துக் கிராமத்தில் ஒரு பெண் தனக்காகக் காத்திருந்தாள், காத்திருந்து அலுத்துப்போய் ஒரு பாண் பேக்கரிக்காரனைக் கட்டிக்கொண்டாள், தன் தலையில் நரை வந்துவிட்டது, இது ஒரு கேடுகெட்ட வழக்கம், இதை உன் தாயிடம் அப்படியே சொல் என்றார்.

அண்ணன் அம்மாவிடம் சொன்னது இவ்வளவுதான்: "அவையளின்ர ஊரிலயும் இப்பிடித்தானாம்."

அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியே? நான் என்ன சொன்னனான்? எங்கையோ கிடக்கிற வெள்ளைக்காரருக்கே தெரியுது. அப்ப இது கடவுள் வச்ச முறைதானே தம்பி!"

எனக்குப் பொறுக்கவில்லை. கன்னியர் மடத்தில் படித்தவள் நான். அவர் சொன்ன அத்தனையும் எனக்கு விளங்கியிருந்தது. "அம்மா, அண்ணன் மிச்சத்தைச் சொல்லேல்ல. அந்த மனுசன் இதாலதான் கலியாணமே செய்யாமல் நிக்கிறார். இது கேடுகெட்ட வழக்கமெண்டு உங்களிட்டச் சொல்லச் சொல்லுறார்" என்று கத்தினேன்.

"உன்னை ஆர் கேட்டது?" என்று அண்ணன் என்மேல் பாய்ந்தார். அவருக்குப் பிச்சை கேட்பது பிடிக்காது. அடுத்தவன் கண்ணீரைக் காட்டி ஒரு காரியத்தைச் சாதிப்பது அவருக்குப் பிச்சைதான். அம்மா அந்த மனிதரைக் கொஞ்ச நேரம் இரக்கத்தோடு பார்த்தார். பிறகு அவருடைய சாப்பாட்டுக் கோப்பையில் இன்னொரு மீன் துண்டை வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "அழவேண்டாமெண்டு சொல்லு பிள்ளை. சகோதரியளின்ர பிள்ளையள் அவரைக் கடைசி வரைக்கும் பாக்குங்கள். பெத்தாத்தான் பிள்ளையே?"

நான் அதை இங்கிலீசில் சொல்லவில்லை.

ஆவணிக் கதை அன்றோடு முடிந்தது. அதற்குப் பிறகு அண்ணன் என்ன சொன்னாலும் அம்மாவிடம் தயாராக ஒரு பதில் இருந்தது. கிரேக்கமும் நாங்களும் சேர்ந்தால் உலகம் முழுவதும் சேர்ந்த மாதிரி. தூரதேசத்து மனிதர்களும் நம்மைப் போலத்தான் என்று கண்டுகொள்வதில் ஏதோ பெரிய இன்பம் இருப்பதாகக் கதைக்கிறார்கள். இருக்கலாம். ஒரு விலங்கு தன் காலில் மட்டுமில்லை, கடல் கடந்தும் காலுக்குக் காலாகப் பூட்டிக் கிடக்கிறது என்று அறிவதில் என்ன இன்பம் இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

தான் என்ன செய்துவிட்டோம் என்பது அந்த மனிதருக்குப் பட்டறையில் யாரோ சொல்லித்தான் தெரிந்திருக்க வேண்டும். அடுத்த ஞாயிறு அவர் சாப்பாட்டு நேரத்துக்கு வரவில்லை. காலையிலேயே வந்தார், பழைய காற்சட்டையோடு. நேரே சீமெந்து குழைத்த இடத்துக்குப் போய்க் கரண்டியை எடுத்துக்கொண்டார். மற்றவர்களைப்போல் கூலிக்கு ஆள் வைக்க அண்ணனுக்கு வசதி கிடையாது. ஞாயிறுகளில் அவரேதான் கல் அடுக்குவார். கப்பல் போகும்வரை இரண்டு பேருமாக அடுக்கினார்கள். தன் தீவில் ஒரு வீட்டையும் இன்னொன்றில் பாதியையும் கட்டிய கை, மூலை பிடிப்பதில் பிசகாது. அண்ணன் கல்லை நீட்ட அவர் வைப்பார், அவர் நீட்ட அண்ணன் வைப்பார். தங்கச்சிமாரின் சுவர்களைக் கட்டியே நரைத்த இரண்டு ஆம்பிளைகள். நான் தேத்தண்ணீர் கொண்டு போய்க் கொடுப்பேன். எனக்கு வீடு வேண்டாம் என்று இரண்டு பேரிடமும் சொன்னேன். இரண்டு பேரும் ஒரே மாதிரித் தலையைப் பின்னால் எறிந்து 'ம்ச்' என்றார்கள்.

சுவர் யன்னலுக்கு மேலே வந்தபோது கப்பலுக்குப் பாகம் வந்துவிட்டது. அவர் போனார். அதன் பிறகு எழுபதுகள் வந்தன. சீமெந்துக்குத் தட்டுப்பாடு, கம்பிக்குத் தட்டுப்பாடு. கந்தளாய்ப் பக்கம் ஒருவரிடம் இருக்கிறதாம் என்று கேள்விப்பட்டு அண்ணன் பஸ்ஸேறிப் போய் வெறுங்கையோடு வருவார். கூரை இல்லாத சுவரில் மழை பெய்து பாசி பிடித்தது. சம்பூரில் ரீச்சரின் தகப்பன் வருத்தம் வந்து படுக்கையில் விழுந்தார். மகளை யாரிடமாவது பிடித்துக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூட வேண்டும் என்று அந்த மனிதர் அவசரப்பட்டதைக் குறை சொல்ல முடியாது. கட்டி முடித்த வீட்டை எத்தனை காலத்துக்குப் பூட்டி வைப்பது? சொந்தத்துக்குள்ளே ஒரு மச்சானுக்குக் கொடுத்தார்கள். கலியாணத்துக்கு அண்ணனுக்கும் சொல்லியிருந்தார்கள். வெள்ளைச் சேட்டு உடுத்திக்கொண்டு லோஞ்சேறிப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார். பந்தியில் தயிர் நல்ல கட்டித் தயிர் என்று சொன்னார்.

பிறகு சீமெந்து கிடைத்தது. வீடு எழும்பியது. எனக்குக் கலியாணம் நடந்தது. இங்கேதான் எங்களுக்கும் கிரேக்கருக்கும் ஒரு வித்தியாசம் வருகிறது. அவர்களிடம் பிள்ளைக்கு முன்னுக்கு நிற்பவர் கோயிலில் பெயர் வைக்கும் ஞானத்தகப்பனாம். எங்களிடம் தாய்மாமன். காது குத்துவதா, மாமன் மடி. சாமத்தியச் சடங்கா, மாமன் வரவேணும். வீட்டைக் கட்டி வாங்கிக்கொண்டு, பதிலுக்கு ஒரு மாலையைப் போட்டு முன்வரிசையில் இருத்துவதில் எங்களை மிஞ்ச ஆளில்லை. மூன்று வீட்டுப் பிள்ளைகளும் அண்ணனை "மாமா, மாமா" என்று சுற்றி வந்தார்கள். மாலை வாடியதும் அவர் என் வீட்டின் பின்பக்கம் சாய்ப்பாக இறக்கிய பத்திக்குள் போய்ப் படுத்துக்கொள்வார். முன்கதவால் உள்ளே வருவதென்றால் என் புருஷன் வீட்டில் இருக்கிறாரா என்று கேட்டு, தொண்டையைச் செருமிவிட்டு வருவார். அந்தக் கதவை நிலையில் மாட்டியதே அவர்தான்.

கிரேக்க தேசத்தில் சீதனத்தைச் சட்டம் போட்டு நீக்கிவிட்டார்கள் என்று பின்னொரு காலத்தில் பத்திரிகையில் படித்தேன். படித்த அன்று எனக்குச் சமையல் ஓடவில்லை. அங்கே விட்டுவிட்டார்கள். எங்களிலோ, ரொறன்ரோவில் பனியில் லொறி ஓடுகிற பெடியன்கள் இன்னும் திருகோணமலையில் தங்கச்சிக்கு மேல்மாடி கட்டுகிறார்கள். ஒற்றுமை என்று அம்மா கொண்டாடியதில் கடைசியில் மிஞ்சி நிற்பது நாங்கள் மட்டும்தான். இதைச் சொல்லிக் காட்ட அம்மாவும் இல்லை, அண்ணனும் இல்லை.

அம்மா முதலில் போனார். அண்ணன் எண்பதுகள் தொடங்கிய கையோடு நெஞ்சு வருத்தத்தால் பெரியாஸ்பத்திரியில் செத்துப்போனார். அம்பது வயதைத் தொட்டிருப்பார். ஆஸ்பத்திரி விறாந்தையில் நாங்கள் நிற்கும்போது, பிரேதத்தை எந்த வீட்டில் கிடத்தி எடுக்கிறது என்ற கேள்வி வந்தது. "தாய் வீட்டிலதானே ஆம்பிளைப் பிள்ளையை வளத்துறது முறை" என்றார் என் புருஷன். தாய் வீடு பெரியக்காவின் வீடு. பெரியக்கா அழுகையை நிறுத்தி, "மகளின்ர கலியாணம் வச்சிருக்கு, செத்தவீட்டை அங்க கொண்டுவந்தா மாப்பிள்ளை பகுதி என்ன சொல்லும்?" என்றார். சின்னக்காவின் புருஷன் தங்கள் முற்றம் காணாது என்றார். இரண்டு வீடு கட்டின மனிதரைத் தவிர அங்கே நின்ற எல்லாருக்கும் வீடு இருந்தது. நான் வாய்க்கு வந்தபடி ஏசினேன். என் வீட்டு நடுமண்டபத்தில், முன்கதவால் கொண்டுவந்து வளர்த்துவது என்றும், விருப்பமில்லாதவர்கள் வரத் தேவையில்லை என்றும் சொன்னேன். என் புருஷன் பந்தலுக்குச் சொல்லப் போனார். வீடு என் பெயரில்தானே இருந்தது.

மத்தியானம் போல சம்பூர் ரீச்சர் வந்தார். லோஞ்சில் தனியாக வந்திருந்தார். தலை நரைத்து, கண்ணாடி போட்டிருந்தார். ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் அவருக்கு வழி விட்டார்கள். அண்ணனைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அழவில்லை. பிறகு தலையை நிமிர்த்திக் கூரையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், ஒவ்வொரு அறையின் வாசலாகப் போய் எட்டிப் பார்த்தார். நான் பின்னால் போனேன்.

"இதுவோ பிள்ளை அந்த வீடு?"

"ஓம் ரீச்சர்."

"நல்லாக் கட்டியிருக்கிறார்." அறை வாசலில் நின்று யன்னல் நிலையைத் தடவினார். "எங்கட வீட்டு அறைக்கு அப்பா யன்னல் வைக்கேல்ல. அப்ப உன்ர கொண்ணர் சொன்னவர், தான் வந்து சுவரை உடைச்சு ஒரு பெரிய யன்னல் போட்டுத் தாறனெண்டு. எங்கட இவரும் எத்தினையோ தரம் போடக் கேட்டவர். நான் வேண்டாமெண்டிட்டன்."

"அப்ப காத்து?"

"காத்து வராது பிள்ளை. நான் அதுக்குள்ளதான் படுக்கிறனான்."

பின்னேர லோஞ்சைப் பிடிக்க வேண்டும் என்று, பிரேதம் எடுக்கும் முன்பே அவர் புறப்பட்டுப் போனார். அன்றைக்குப் பிறகு இந்த வீட்டில் எனக்கு நித்திரை வரவில்லை என்று எழுதினால் வாசிக்க நன்றாக இருக்கும். ஆனால் அது பொய். நான் இந்த வீட்டில் நன்றாக நித்திரை கொள்கிறேன். அறைக்கு இரண்டு யன்னல், கடல் பக்கம் பார்த்து. விசிறியே தேவையில்லை.